‘இன்னைக்கு ஏன் வரலை?’ - முதியவர்களை நடக்க வைக்கும் தேவாலயக் குழுக்கள். ஆய்வுகள் சொல்வது என்ன?

அப்பாவுக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தாச்சு. அம்மாவுக்கு நல்ல ஷூவும் வாங்கியாச்சு. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், “வாக்கிங் போறீங்களா?” என்று கேட்டால், “நாளையில இருந்து போகணும்பா” என்று பதில் வருகிறது. அந்த நாளை வருவதே இல்லை. வாட்ச் சார்ஜ் இல்லாமல் பீரோவில் கிடக்கிறது.

வெளியூரில் வேலை பார்க்கும் பலருக்கும் இது பழகிய கதை. நடப்பது நல்லது என்று பெற்றோருக்குத் தெரியாமல் இல்லை. டாக்டர் சொல்கிறார், டிவியில் சொல்கிறார்கள், வாட்ஸ்அப்பில் தினமும் வருகிறது. தெரிந்தும் கால் வாசலைத் தாண்டுவதில்லை.

இதே சிக்கல் அமெரிக்க மருத்துவர்களுக்கும் இருந்தது. அவர்களில் சிலர், முதியவர்கள் மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திருக்காமல், அவர்கள் வாரம் தவறாமல் கூடும் இடத்துக்கே போனார்கள். அந்த இடம், தேவாலயம். அங்கே உருவான நடைக்குழுக்கள் பற்றிப் பல ஆண்டுகளாக ஆய்வுகள் நடந்துவருகின்றன. அவற்றில் கிடைத்த பதில், மதம் கடந்து எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படக்கூடியது.

லாஸ் ஏஞ்சல்ஸில் என்ன நடந்தது?

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் 3 தேவாலயங்களில், 60 வயதைத் தாண்டிய 62 கறுப்பினப் பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாக ஆய்வாளர்கள் இதை நடத்தினார்கள். ‘சிஸ்டர்ஸ் இன் மோஷன்’ என்பது திட்டத்தின் பெயர். முடிவுகள் 2010-ல், அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியாகின.

ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லோரும் அதிகம் நடக்காதவர்கள். தொடக்கத்தில் அவர்களுடைய சராசரி ஒரு நாளைக்குச் சுமார் 1,800 அடிகள். வீட்டுக்குள் நடமாடுவது, கடைக்குப் போய் வருவது, அவ்வளவுதான்.

குலுக்கல் முறையில் அவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். இரண்டு குழுவுக்கும் உடற்பயிற்சி வகுப்பு உண்டு. ஆனால் ஒரு குழுவுக்கு மட்டும் கூடுதலாகச் சில விஷயங்கள் இருந்தன: வேத வாசிப்பு, ஜெபம், ‘இந்த வாரம் நான் இவ்வளவு நடப்பேன்’ என்று எல்லோர் முன்னிலையிலும் இலக்கு வைப்பது, இடுப்பில் பெடோமீட்டர் மாட்டிக்கொண்டு யார் அதிகம் நடக்கிறார்கள் என்ற போட்டி.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, அந்தக் கூடுதல் அம்சங்கள் இல்லாதவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 2,426 அடிகள் கூடுதலாக நடந்தார்கள். கூடுதல் அம்சங்கள் இருந்த குழு 9,883 அடிகள் கூடுதலாக நடந்தது. ஒரு நாளைக்கு என்று பார்த்தால் ஏறக்குறைய 1,400 அடிகள்.

பிபியிலும் வித்தியாசம் தெரிந்தது. 120/80 என்று எழுதுவதில் மேலே இருக்கும் எண், முதல் குழுவில் சராசரியாக 1.5 புள்ளி குறைந்தது. இரண்டாவது குழுவில் 12.5 புள்ளி குறைந்தது.

வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

இரண்டு குழுவும் அதே தேவாலயங்களைச் சேர்ந்தவைதான். இரண்டுக்கும் பயிற்சி வகுப்பு இருந்தது. மொத்தத்தில் 85 சதவீதம் பேர், 8 வகுப்புகளில் குறைந்தது 6-க்கு வந்தார்கள். ஆக, பெரும்பாலானோர் வகுப்புக்கு வந்தார்கள். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போன பிறகு, செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் யார் நடந்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

ஒரு குழுவில், நடப்பது பற்றிய இலக்கோ போட்டியோ இல்லை. இன்னொரு குழுவில் ஒவ்வொருவரும் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த முறை வரும்போது, “என்னக்கா, எவ்வளவு நடந்தீங்க?” என்று கேட்க ஆள் இருந்தது. பெடோமீட்டர் எண்ணைக் காட்டியாக வேண்டும். கேட்பவர் முன்பின் தெரியாத பயிற்சியாளர் இல்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபிக்கும் தோழி.

ஸ்மார்ட் வாட்ச் செய்யாத வேலை இதுதான். வாட்ச் அடிகளை எண்ணும். ‘எழுந்து நட’ என்று அதிரும். நடக்காவிட்டால் அது வருத்தப்படாது, வீட்டுக்கு வந்து கதவைத் தட்டாது.

ஏன் தேவாலயம்? மருத்துவமனை போதாதா?

அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் உயர் ரத்த அழுத்தம் அதிகம். அதனால் வரும் பக்கவாதம், சிறுநீரகப் பாதிப்பு, இதயநோய் ஆகியவையும் அதிகம். ஆனால் மருத்துவமனை மீதான நம்பிக்கை குறைவு. அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது.

அலபாமா மாகாணத்தின் டஸ்கிகீயில், 1932 முதல் 1972 வரை அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஆய்வை நடத்தியது. சுமார் 600 கறுப்பின ஆண்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 399 பேருக்குச் சிபிலிஸ் நோய் இருந்தது. நோயின் பெயரைக்கூட அவர்களிடம் சொல்லவில்லை. 1940-களில் பென்சிலின் மருந்து வந்த பிறகும் கொடுக்கவில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் நோய் என்ன செய்யும் என்று பார்ப்பதுதான் நோக்கம். 1997-ல் அதிபர் பில் கிளிண்டன் இதற்காக மன்னிப்புக் கேட்டார். ஆனால் ‘டாக்டர் சொல்வதை அப்படியே நம்பலாமா?’ என்ற கேள்வி தலைமுறைகளைக் கடந்து வந்துவிட்டது.

மறுபக்கம், கறுப்பினத் திருச்சபைகள் அந்த மக்களே கட்டியெழுப்பியவை. வெள்ளையர் தேவாலயத்தில் அவமதிக்கப்பட்டு வெளியேறிய ரிச்சர்ட் ஆலன் போன்றவர்கள், 1816-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஆப்பிரிக்கன் மெத்தடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபையைத் தொடங்கினார்கள். அதன் பிறகு பள்ளிக்கூடம், இறுதிச் சடங்குக்கான உதவி, குடியுரிமைப் போராட்டம் எனப் பலவும் தேவாலயத்தை மையமாக வைத்தே நடந்தன. கல்யாணமோ சாவோ வேலை இழப்போ, முதலில் தகவல் போகும் இடம் அதுதான். நடைக்குழு அங்கே தொடங்கும்போது, நம்பிக்கையைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. நேரம், இடம், தெரிந்த முகங்கள் எல்லாம் தயாராக இருக்கின்றன.

‘மக்கள் இருக்கும் இடத்துக்குப் போ’ என்ற இந்த யோசனை, லாஸ் ஏஞ்சல்ஸின் முடிதிருத்தும் கடைகளிலும் வேலை செய்தது. அங்கே 52 கடைகளுக்கு வாடிக்கையாக வரும் 319 கறுப்பின ஆண்களிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. மருந்தாளுநர்கள் கடைக்கே வந்து பிபி பார்த்து மருந்து கொடுத்த குழுவில், 6 மாதத்தில் மேல் எண் சராசரியாக 27 புள்ளி குறைந்தது. கடைக்காரர் ஆலோசனை மட்டும் சொன்ன குழுவில் 9.3 புள்ளி குறைந்தது. அங்கே பெரிய வேலையைச் செய்தது மாத்திரைதான். ஆனால் அந்த மாத்திரை போய்ச் சேர்ந்தது, பல வருடமாகத் தெரிந்த முடிதிருத்துபவரின் நாற்காலி வழியாக.

குழுவாக நடந்தால் உடலில் என்ன மாறுகிறது?

நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, காலில் தேங்கும் ரத்தத்தை இதயத்துக்கு மேலே தள்ளுகிறது. தொடர்ந்து நடந்தால் ரத்தக் குழாய்களின் விறைப்பு குறைகிறது. தசைகள் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்துகின்றன. சாப்பிட்ட பிறகு சிறிது நடந்தால் சுகர் எகிறாமல் இருப்பது இதனால்தான்.

வெளிப்புற நடைக்குழுக்கள் குறித்து 14 நாடுகளில் நடந்த 42 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து, 2015-ல் ஒரு கட்டுரை வெளியானது. மொத்தம் 1,843 பேர். பிபியின் மேல் எண் சராசரியாக 3.72 புள்ளியும், கீழ் எண் 3.14 புள்ளியும் குறைந்திருந்தன. ஓய்வு நேர இதயத் துடிப்பு, கொழுப்பு, மனச்சோர்வு ஆகியவற்றிலும் முன்னேற்றம் தெரிந்தது. குறிப்பிடத்தக்க பக்கவிளைவுகள் இல்லை.

3.72 புள்ளி சின்ன எண்ணாகத் தெரியலாம். லாஸ் ஏஞ்சல்ஸில் கிடைத்த 12.5-ஐவிட இது மிகவும் குறைவுதான். ஆனால் பல நாடுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது எதிர்பார்க்கத்தக்க எண் இதுதான். நடைக்குழுவில் சேர்ந்ததும் பிபி மாத்திரையை நிறுத்தலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

முதியவர்களுக்கு இதைவிடப் பெரிய லாபம் வேறொன்று: தன் காலில் தானே நடப்பது. 70 முதல் 89 வயதுவரை உள்ள 1,635 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ‘லைஃப்’ ஆய்வின் முடிவு 2014-ல் வந்தது. ஏற்கெனவே உடல் தளர்ந்திருந்தாலும், 400 மீட்டர் நடக்க முடிந்தவர்கள் அவர்கள். ஒரு குழுவுக்கு நடையை மையமாக வைத்த பயிற்சி. இன்னொரு குழுவுக்கு உடல்நல வகுப்புகள். சராசரியாக 2.6 ஆண்டுகளில், அந்த 400 மீட்டரை நடக்க முடியாத நிலைக்குப் போனவர்கள் வகுப்புக் குழுவில் 35.5 சதவீதம், நடைக் குழுவில் 30.1 சதவீதம்.

400 மீட்டர் என்பது தெருமுனைக் கடைக்குப் போய்வரும் தூரம். அந்தத் தூரத்தை நடக்க முடிகிறவர் தன் மாத்திரையைத் தானே வாங்கிக்கொள்வார், உறவினர் வீட்டுக்குத் தானே போவார். முடியாதவர் ஒவ்வொன்றுக்கும் இன்னொருவரை எதிர்பார்க்க வேண்டும்.

10,000 அடிகள் கட்டாயமா?

இல்லை. 10,000 என்ற எண்ணைப் பிரபலப்படுத்தியது மருத்துவ ஆய்வு இல்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு பெடோமீட்டரின் பெயர் ‘மான்போ-கெய்’. ‘பத்தாயிரம் அடி அளவி’ என்று பொருள். அந்தப் பெயர்தான் உலகம் முழுக்கப் பரவியது.

சராசரி வயது 72 கொண்ட 16,741 அமெரிக்கப் பெண்களிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. ஒரு நாளைக்குச் சுமார் 2,700 அடிகள் நடந்தவர்களோடு ஒப்பிட்டால், சுமார் 4,400 அடிகள் நடந்தவர்களின் இறப்பு அபாயம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500-க்குப் பிறகு கூடுதல் பலன் தெரியவில்லை. 2022-ல் வெளியான, 15 ஆய்வுகளின் தொகுப்பும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிகள்வரை பலன் கூடிக்கொண்டே போகிறது, பிறகு நின்றுவிடுகிறது என்றே சொல்கிறது.

இவை மக்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள். ஏற்கெனவே ஆரோக்கியமாக இருப்பவர்கள் அதிகம் நடந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனாலும் ஒரு விஷயம் தெளிவு. மிகக் குறைவாக நடப்பவர் கொஞ்சம் கூட்டினாலே பலன் தொடங்குகிறது. தினமும் 1,818 அடிகள் நடந்த லாஸ் ஏஞ்சல்ஸ் பெண்களுக்குக் கூடுதலாகக் கிடைத்த 1,400 அடிகள் ஏன் முக்கியம் என்பது இங்கே புரியும்.

எல்லாத் தேவாலயத்திலும் இது ஜெயித்ததா?

தெற்கு கரோலினா மாகாணத்தில் 74 தேவாலயங்கள், 1,257 உறுப்பினர்கள் என்று பெரிய அளவில் ஒரு திட்டம் நடந்தது. ‘நம்பிக்கை, செயல்பாடு, ஊட்டச்சத்து’ என்பது அதன் பெயரின் பொருள். தேவாலயக் குழுவினருக்கும் சமையல் பொறுப்பாளர்களுக்கும் பயிற்சி கொடுத்து, அவர்கள் வழியாக எல்லோரையும் மாற்றும் முயற்சி அது. 2013-ல் வெளியான முடிவின்படி, ஓய்வு நேர உடலுழைப்பு கூடியதாக மக்கள் சொன்னார்கள். அந்தப் பலனும் சிறியதுதான். பிபியில் மாற்றம் இல்லை. காய்கறி, பழம் சாப்பிடுவதும் கூடவில்லை.

எங்கே இடறியது? சிறிய குழுவில் ஒவ்வொருவர் பெயரும் எல்லோருக்கும் தெரியும், வராவிட்டால் தெரிந்துவிடும். நூற்றுக்கணக்கானோர் இருக்கும் சபையில், பிரசங்க மேடையிலிருந்து “எல்லாரும் நடங்க” என்று சொன்னால், அது இன்னொரு அறிவிப்பாகப் போய்விடலாம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வுக்கும் வரம்புகள் உண்டு. 62 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. எல்லோரும் பெண்கள். கூடுதல் அம்சங்கள் இருந்த குழுவின் பிபி தொடக்கத்திலேயே கொஞ்சம் அதிகம். அதிகமாக இருக்கும் எண் தானாகவே ஓரளவு இறங்கும் வாய்ப்பு உண்டு. ஜெபம், போட்டி, இலக்கு ஆகியவற்றில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. தேவாலயத்துக்கே வர முடியாத அளவு தளர்ந்தவர்களும், எந்தச் சபையிலும் சேராதவர்களும் இந்தக் குழுக்களின் கண்ணில் படுவதில்லை. தனிமை அதிகம் இருப்பதோ அவர்களிடம்தான். சமூகத் தொடர்பு இல்லாமல் போவது உடல்நலத்தையே பாதிக்கிறது என்று 2023-ல் அமெரிக்காவின் அன்றைய சர்ஜன் ஜெனரல் விவேக் மூர்த்தி தனி அறிக்கையே வெளியிட்டார்.

நல்ல நடைக்குழு எப்படி இருக்கும்?

* நாளும் நேரமும் மாறாது. வாரம் 3 நாள், ஒரே நேரம், ஒரே இடம். ‘முடிஞ்சப்ப போகலாம்’ என்றால் நடக்காது.

* மெதுவாக நடப்பவர்தான் வேகத்தைத் தீர்மானிப்பார். வேகமாகப் போகிறவர்கள் ஒரு சுற்று கூடுதலாகப் போய் வரலாம். யாரும் தனியாகப் பின்தங்கக் கூடாது.

* பேச முடியும், பாட முடியாது. நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிகிறது, ஆனால் பாட மூச்சு போதவில்லை என்றால் வேகம் சரி. பேசவே திணறினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

* 10 நிமிடத்தில் தொடங்கலாம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதை எட்டச் சில மாதங்கள் ஆனாலும் தவறில்லை.

* நடை மட்டும் போதாது. 65 வயதைத் தாண்டியவர்கள் கீழே விழாமல் இருக்க, வாரம் 3 நாளாவது சமநிலைப் பயிற்சியும் தசை வலுப் பயிற்சியும் தேவை. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பது என எளிதாகத் தொடங்கலாம்.

* உட்கார இடம், தண்ணீர், கழிப்பறை. இந்த மூன்றும் இல்லாத பாதைக்கு முதியவர்கள் இரண்டாம் முறை வர மாட்டார்கள். சபை வளாகங்கள் கைகொடுப்பது இதில்தான்.

* வராதவருக்கு அன்றே ஒரு போன். திட்டுவதற்கு இல்லை. “உடம்பு சரியில்லையா?” என்று கேட்பதற்கு.

இதயநோய் உள்ளவர்கள், மூட்டுவலி கடுமையாக இருப்பவர்கள், சுகரால் பாதம் மரத்துப்போனவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். இன்சுலின் அல்லது சுகர் மாத்திரை எடுப்பவர்கள் பையில் சர்க்கரை வைத்துக்கொள்வது நல்லது. நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் அந்த இடத்திலேயே நின்று உதவி கேட்க வேண்டும்.

நம்ம ஊர்ல?

நம்பிக்கையோடு சேர்ந்து நடப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. வேளாங்கண்ணிக்கும் பழனிக்கும் பாதயாத்திரை போகிறவர்களில், வருடம் முழுக்க வாக்கிங்கே போகாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் நாள்கணக்கில் நடக்கிறார்கள். கூட வருபவர்கள் இருப்பதால் கால் போகிறது. ஆனால் உடலுக்குத் தேவை வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் நூறு கிலோமீட்டர் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் நடக்கும் ஒன்றிரண்டு கிலோமீட்டர்.

தமிழ்நாடு அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தை 2023 நவம்பரில் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டியது. பாதை இருக்கிறது. கூட்டிக்கொண்டு போகத்தான் ஆள் வேண்டும். அந்த ஆள் ஞாயிறு ஆராதனையில் சந்திப்பவராக இருக்கலாம்; கோயில் பிரகாரத்திலோ பள்ளிவாசலிலோ அபார்ட்மென்ட் லிஃப்டிலோ தினமும் பார்க்கிறவராக இருக்கலாம்; ஓய்வுபெற்ற பழைய ஆபீஸ் நண்பராகவும் இருக்கலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் பெண்களுக்கு இருந்தது போல, அவர் ஏற்கெனவே தெரிந்தவராகவும் அடுத்த சந்திப்பில் மறக்காமல் கேட்பவராகவும் இருந்தால் போதும்.

அடுத்த ஞாயிறு வீடியோ காலில், “வாக்கிங் போனீங்களா?” என்று கேட்பதற்குப் பதிலாக, “யாரோட போகலாம்னு இருக்கீங்க?” என்று கேட்டுப் பார்க்கலாம். ஒரு பெயர் வந்தால், அவருடைய நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் காலையில் அந்த இருவருக்கும் போன் போட்டு எழுப்பும் வேலையை, எந்த ஊரில் இருந்தும் பிள்ளைகள் செய்ய முடியும்.